மலைக்குக் கொறடு போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தில் அரசுப் பல் மருத்துவச் சேவை எந்த ஊரில், எந்த நாளில், எந்தக் கருவிகளோடு நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

சேர்வராயன் மலைக் கிராமத்து மக்கள் சென்றுவரும் ஓர் அரசு மருத்துவமனையில் வாரத்தில் சில நாட்கள் இயங்கிவந்த பல் பிரிவை நிறுத்திவிட்டு, இனி மாதம் ஒருமுறை முகாம் நடத்தினால் போதும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். ஓ.பி. சீட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் அதற்கான காரணம் ஒரே வரியில் இருக்கிறது: பல் பிரிவுக்குப் போதிய எண்ணிக்கையில் நோயாளிகள் வருவதில்லை. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அவர்கள் ஏன் வருவதில்லை என்று உங்களில் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. அதற்கான பதில் அதே அறையின் மூலையில் துணி போர்த்தி நிற்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்கள் கோப்பில் அது இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களை ஊர் முன்னால் நிறுத்துவது என் எண்ணமும் இல்லை. இந்த மலையின் அரசுப் பள்ளிகளில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வகுப்பில் சாய்ந்திருக்கும் பிள்ளைகளை, கூலியை விட்டுவிட்டு வர முடியாத பெற்றோருக்குப் பதிலாக நானே அழைத்துப் போனதில் அந்தப் பிரிவின் நிலை எனக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே பல் மருத்துவ நாற்காலி இருக்கிறது. அதன் விளக்கு எரிவதில்லை. செவிலியர் தன் கைப்பேசி வெளிச்சத்தை நோயாளியின் வாய்க்குள் அடித்துக்கொண்டு நிற்க, அவருடைய கை வலிக்கும்போது மருத்துவர் சற்று நிறுத்திக் காத்திருந்து மறுபடியும் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். சொத்தையைக் குடைந்தெடுக்கும் ஏர்ரோட்டருக்குக் காற்று தருகிற கம்ப்ரசர் பழுதாகிக் கிடக்கிறது. பல்லைப் படமெடுக்கும் டிஜிட்டல் எக்ஸ்ரே கருவியோ, வந்த புதிதில் சில மாதங்கள் ஓடியதோடு சரி, இப்போது பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நிற்கிறது. வாய்க்குள் வைக்கும் சென்சாரின் கேபிள், சென்சாரோடு சேரும் இடத்தில் நைந்து அறுந்துவிட்டது. மாற்றுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம் என்கிறார்கள். ஆக அந்த அறையில் ஒழுங்காக வேலை செய்பவை மரத்துப்போகச் செய்யும் ஊசியும் பல்லைப் பிடுங்கும் கொறடும் மட்டும்தான். எத்தனை கைதேர்ந்த மருத்துவராக இருந்தாலும் இவற்றை வைத்துக்கொண்டு பல்லைப் பிடுங்கலாம், வலி மாத்திரை எழுதலாம், சேலத்துக்குப் போங்கள் என்று சீட்டு கொடுக்கலாம். வேறென்ன செய்ய முடியும்?

அங்கே போனால் பிடுங்கிவிடுவார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அதனால் வலி பொறுக்கிற வரைக்கும் கிராம்பும் உப்புத் தண்ணீரும். பொறுக்காமல் போனால் கடன் வாங்கிக்கொண்டு மலையிறங்குகிறார்கள். பல்லைக் காப்பாற்றும் கருவியைப் பழுதாகவே வைத்திருந்து, பல்லைக் காப்பாற்ற நினைப்பவர்கள் வராமல் போன பிறகு, வரவில்லை என்பதையே காரணமாகக் காட்டிப் பிரிவை மூடுவது எந்தக் கணக்கில் நியாயமாகும்?

ஒரு எக்ஸ்ரே படம் இவ்வளவு பெரிய விஷயமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். பல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது ஈறுக்கு மேலே உள்ள பகுதி மட்டுமே. வேர் எலும்புக்குள் இருக்கிறது. சொத்தை எனாமலோடு நின்றிருக்கிறதா, உள்ளே நரம்பும் ரத்த நாளமும் இருக்கும் பற்கூழைத் தொட்டுவிட்டதா, வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் கண்ணாடியையும் ஊசிமுனைக் கருவியையும் வைத்துக்கொண்டு ஓரளவுதான் ஊகிக்க முடியும். படம் இல்லாமல் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) செய்வது ஆழம் தெரியாத கிணற்றில் கயிறு விடுவதைப் போன்றது. பொறுப்புள்ள மருத்துவர் அதற்குத் துணிய மாட்டார். 1896-ல், ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த சில வாரங்களிலேயே, ஜெர்மனியில் ஓட்டோ வால்க்ஹாஃப் என்ற பல் மருத்துவர் தன் வாயையே படமெடுத்துப் பார்த்தார். அதற்கு அவர் 25 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஃபிலிமும், அதைக் கழுவும் ரசாயனமும், இருட்டுப் பெட்டியும் தேவைப்பட்டன. 1980-களின் இறுதியில் பிரான்சிலிருந்து வந்த டிஜிட்டல் சென்சார் இவை அனைத்தையும் தேவையற்றதாக்கிவிட்டது. இப்போது பொத்தானை அழுத்திய சில விநாடிகளில் படம் திரையில் வந்துவிடுகிறது. ஃபிலிமுக்குத் தேவைப்பட்டதை விடக் குறைந்த கதிர்வீச்சு போதும். ஒரு பல்லுக்கு எடுக்கும் படத்தில் உடலில் படுவது, மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் நாம் ஒரு நாளில் இயற்கையாகவே பெறும் அளவை விடப் பெரும்பாலும் குறைவுதான். இந்த வசதியைத்தான் படுக்கை விரிப்பால் மூடி வைத்திருக்கிறீர்கள்.

நான்காம் வகுப்பில் படித்த ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோர் இருவரும் காபித் தோட்டத்தில் கூலிகள். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல், எந்தப் பல்லும் விழாமலே சத்தமில்லாமல் முளைப்பதால், அது நிரந்தரப் பல் என்று பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிவதில்லை. இந்தக் குழந்தையின் தாயும், “பால் பல்லுதானே டீச்சர், விழுந்து முளைச்சிரும்” என்றுதான் சொன்னார். வலப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல் குழிவிழுந்து, இரவில் தூங்க முடியாமல் அழுதபோது நீங்கள் இப்போது மூடியிருக்கும் பிரிவுக்கு அழைத்துப் போனோம். படமெடுக்க வழியில்லை. மருத்துவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பல்லை எடுத்துவிட்டார். பஞ்சின் மேல் கிடந்த அந்தப் பல்லின் இரண்டு வேர்களும் நுனியில் இன்னும் கூர்மையாகச் சேராமல், குழாய் போலத் திறந்திருந்தன. வளர்ச்சி முடியாத பல் அது. வாழ்நாள் முழுக்க இருந்திருக்க வேண்டியது.

சில மாதங்கள் கழித்து அதே குழந்தைக்கு இடப்பக்கம் அதே பல்லில் வலி எடுத்தது. இந்த முறை ஆசிரியைகள் சிலர் சேர்ந்து பணம் போட்டு, சேலம் நகரத்தில் ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே உட்கார வைத்த உடனேயே சென்சாரை வாயில் வைத்துப் படமெடுத்தார்கள். அந்த இளம் மருத்துவர் திரையைக் குழந்தையின் பக்கமே திருப்பி, கருநிழலாகத் தெரிந்த சொத்தையைக் காட்டி, அது பற்கூழின் மேல்பகுதியை எட்டியிருக்கிறது, வேருக்குள் இருப்பது இன்னும் உயிரோடு இருக்கிறது, வேர் நுனி மூடவில்லை என்று விளக்கினார். கெட்டுப்போன மேல்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, கால்சியம் சிலிகேட் சேர்ந்த சிமெண்டை வைத்து அடைத்தார். ஒரே நாளில் வேலை முடிந்தது. பிறகு எடுத்த படத்தில் வேர் தொடர்ந்து வளர்ந்திருந்தது. ஒரே வாயில், ஒரே வகைப் பல்லுக்கு, மலைமேல் ஒரு முடிவும் மலைக்குக் கீழே வேறு முடிவும் கிடைத்திருக்கின்றன. இரண்டு மருத்துவர்களும் படித்தது ஒரே பி.டி.எஸ். படிப்புதான். நடுவே இருந்த வித்தியாசம் அந்தப் படமும், அதைப் பார்த்த பின் எடுத்து வைக்க ஒரு டப்பா சிமெண்டும்.

இந்தக் குறையை நேரில் சொல்லப் போனபோது ஓர் அலுவலர் எனக்குச் சொன்ன பதில்: “மலைக்காரங்க ஒரு தடவை வந்தா மறு தடவை வர மாட்டாங்க டீச்சர். பிடுங்கி அனுப்பினா வலியாச்சும் நிக்கும்.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதனாலேயே அது என்னைக் கூடுதலாக உறுத்தியது. மறு தடவை வருவது எங்களுக்குக் கடினம் என்பது உண்மை. நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் பக்கத்து ஊர்களிலிருந்து ஏற்காட்டுக்கு வந்து சேர்வதற்கே பாதி நாள் போய்விடும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சேலம் போனால் அன்றைய கூலி போயிற்று. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் இவையெல்லாம் நவீனக் கருவி வேண்டும் என்பதற்கான காரணங்களாயிற்றே! ஒரு வேர் சிகிச்சைக்கு நான்கைந்து முறை அலையவைத்த காலம் ஒன்று இருந்தது. வளையும் தன்மையுள்ள நிக்கல்-டைட்டானியம் உலோகத்தில் செய்த, வேரின் உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய மோட்டாரில் சுழலும் ஃபைல்களும், வேரின் நீளத்தை மின்சாரத்தைக் கொண்டு அளந்து சொல்லும் சிறு கருவியும், உடனுக்குடன் கிடைக்கும் டிஜிட்டல் படமும் சேர்ந்து அதை ஓரிரு அமர்வுகளுக்குள் கொண்டுவந்துவிட்டன. அடிக்கடி வர முடியாதவர்களுக்கே முதலில் கிடைத்திருக்க வேண்டிய வசதி, அடிக்கடி வர முடியாதவர்கள் என்ற காரணத்தாலேயே மறுக்கப்படுகிறது.

மலையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும், நுட்பமான கருவிகள் தாங்காது என்ற இன்னொரு பதிலும் வந்தது. இதே மலையில் வங்கியின் ஏ.டி.எம். ஓடுகிறது, ரேஷன் கடையில் கைரேகை பதியும் இயந்திரம் ஓடுகிறது, தோட்டங்களில் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் ஓடுகிறது. ஸ்டெபிலைசரும் இன்வெர்ட்டரும் வாங்கி வைக்க முடியாத அளவுக்கு ஒரு மாவட்ட நிர்வாகம் நலிந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு நிலுவையில் இருக்கிறது என்றும் ஒருமுறை சொல்லப்பட்டது. அந்தப் பதிவு அவசியமானதுதான். கதிர்வீச்சுக் கருவியைப் பதிவில்லாமல் இயக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு இணையவழியாக விண்ணப்பிக்க வேண்டியது நோயாளியா, நிறுவனமா?

சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை போனால், முப்பரிமாண ஸ்கேன், ஒரே நாளில் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை), வலியில்லாத லேசர் என்று விளம்பரப் பலகைகள் நிறையத் தென்படும். கணினியைக் கொண்டு வடிவமைத்து நோயாளி காத்திருக்கும்போதே பல்லின் குழியில் பொருத்தும் பீங்கான் அடைப்பைக் கடைந்து கொடுக்கும் முறை 1985-லேயே சூரிக் பல்கலைக்கழகத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் ஸ்கேன் 1990-களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வந்தது. இவற்றையெல்லாம் மலைக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. (வண்ணப்படத்தைத் திரையில் காட்டி மிரட்டி, தேவையில்லாத இம்பிளாண்டை (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேரை) ஒருவர் தலையில் கட்டுவதற்கும் இதே தொழில்நுட்பம் பயன்படுகிறது என்பதும் எனக்குத் தெரியாததல்ல.) நாங்கள் கேட்பது அடிப்படையானது. அதில் சிலவற்றுக்கு மின்சாரமே வேண்டாம்.

38 சதவீத சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்தையின் மேல் ஒரு துளி தடவினால் பெரும்பாலான இடங்களில் சொத்தை பரவுவது நின்றுவிடுகிறது. ஊசி இல்லை, குடைவது இல்லை, குழந்தை அழுவதும் இல்லை. தடவிய இடம் கறுத்துப்போகும், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவே. குடைந்தெடுக்கும் இயந்திரமில்லாமல் கைக்கருவியாலேயே சொத்தையைச் சுரண்டிவிட்டு அடைக்கக்கூடிய கிளாஸ் அயனோமர் சிமெண்டும் அப்படித்தான். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. நீங்கள் நடத்திய முதல் முகாமுக்கு நான் போயிருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார்கள், ஆளுக்கொரு பற்பசையும் பிரஷ்ஷும் கொடுத்தார்கள், வலி என்றவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். மேலே சொன்ன இரண்டில் எதுவும் அந்த மேசையில் இல்லை. சீட்டில் “பல் சுத்தமாக வைக்கவும்” என்று எழுதிக் கொடுத்தார்கள். உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு வாய் சார்ந்த நோய் இருப்பதாக அதே நிறுவனம் 2022-ல் சொன்னது. அவர்கள் அத்தனை பேரும் பல் துலக்காதவர்களாக இருக்க முடியாது.

பெரியவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோட்ட வேலையில் பசியும் குளிரும் தெரியாமல் இருக்க வெற்றிலை பாக்கும் புகையிலையும் அடக்கிக்கொள்வது இங்கே தலைமுறைப் பழக்கம். பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே உறுதிப்படுத்திவிட்டது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் போல இறுகி, வாய் திறப்பது வருடா வருடம் குறைந்துகொண்டே வரும் பெண்களை எனக்குத் தெரியும். சோற்றுக் கவளத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வருவார்கள், மருத்துவரிடம் வர மாட்டார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்களுடைய கைப்பேசியில் வாயின் உட்புறத்தை நான்கு கோணத்தில் படமெடுத்து, கீழே இருக்கும் வல்லுநருக்கு அனுப்புவதற்கு என்ன தடை? சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். மாத்திரை வீட்டுக்கே வந்தும் சர்க்கரை குறையாதவர்களின் வாயை யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா?

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை. முதலாவதாக, பல் பிரிவை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெற்று, மருத்துவர் வரும் கிழமைகளையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். சந்தை நாளோடு ஒட்டி ஒரு நாளாவது இருந்தால் தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் பயணம் மிச்சமாகும். காபிப் பழம் பறிப்புத் தொடங்கிவிட்டால் தை மாதம் வரை யாரும் தோட்டத்தை விட்டு அசைய முடியாது என்பதால், அதற்கு முன்பாகவே சென்சார், கம்ப்ரசர், நாற்காலி விளக்கு மூன்றையும் சரிசெய்து, ஒழுங்குமுறை வாரியப் பதிவையும் முடித்துவிடுங்கள். இனி வாங்கும் எந்தக் கருவிக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, பழுதை இத்தனை நாளுக்குள் நீக்க வேண்டும், தவறினால் அபராதம் என்ற நிபந்தனையைச் சேருங்கள். அறுந்துபோகக்கூடிய கேபிளுக்கு மாற்று ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

எடுக்கும் படம் அந்த அறையிலேயே தங்கிவிடக் கூடாது. அதை நோயாளியின் கைப்பேசிக்கோ அவருடன் வந்தவரின் கைப்பேசிக்கோ அனுப்புவதைக் கட்டாயமாக்குங்கள். கீழே அனுப்ப வேண்டியவர்களின் படத்தை முன்கூட்டியே சேலத்தில் உள்ள வல்லுநர்களுக்கு அனுப்பி, இணையவழி மருத்துவ ஆலோசனைக்கான இ-சஞ்சீவனி போன்ற ஏற்கெனவே இருக்கிற ஏற்பாட்டின் வழியே கலந்துபேசி, எந்த நாளில் போனால் சிகிச்சை முடியும் என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே அவர்களை மலையிறங்கச் சொல்லுங்கள். போய்ப் படம் எடுத்துக்கொண்டு, மறு வாரம் வா என்ற பதிலோடு திரும்பி வரும் கொடுமை நிற்க வேண்டும்.

முகாம் நடத்துவதை நான் எதிர்க்கவில்லை. அது நிரந்தரப் பிரிவுக்குத் துணையாக நடக்கட்டும். ஆனால் முகாம் மேசையில் சில்வர் டையமின் ஃபுளோரைடும், கிளாஸ் அயனோமரும், கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைச் சொத்தை வருமுன்பே மூடிவிடும் சீலண்டும் இருக்க வேண்டும். பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்க 2013 முதல் வந்துகொண்டிருக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் குழுவினர், முதல் மூன்று வகுப்புகளில் ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லைத் தனியாகப் பார்த்துக் குறிக்கவும், அது பால் பல் அல்ல என்பதை அந்தந்த வீட்டுப் பெரியவர்களிடம் நேரில் சொல்லவும் உத்தரவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர்களுக்கு வாய்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுங்கள்.

அடுத்த முறை நோயாளிகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும்போது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பற்கள் பிடுங்கப்பட்டன, எத்தனை காப்பாற்றப்பட்டன, கீழே அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் பதிவு செய்து மாதாமாதம் வெளியிடுங்கள். இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை எந்தக் காரணத்தால் மறுக்கிறீர்கள் என்ற பதிலை எனக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். மூடல் அறிவிப்பை ஒட்டிய அதே ஜன்னலுக்குப் பக்கத்தில், தேதியும் கையொப்பமும் இட்டு ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்,
சேர்வராயன் மலை, சேலம் மாவட்டம்.